பெத்தாவோட கதைக்கத் திட்டமா வேணும் மனே?

இவடத்த வா மனே. திண்ணையில இரி. அந்தப் போனைக் கவுத்து வை. அது ஒண்டும் மூச்சு முட்டிச் சாகாது.

ஊருக்குள்ள இப்ப உன்ட கதைதான். ஏ.எல். எழுதினாய், கம்பஸ் கிடைக்கல்ல. கட்டாருக்குப் போடா எண்டா மனசில்ல. கடையில நில்லுடா எண்டா மரியாதை இல்லையாம். பத்து மணிக்கு எழும்புறாய். மறுகா அடுத்த வளவுப் பெத்தாட தாவாரத்துல போய்க் குந்துறாய். பொழுதுபட்டாத்தான் வீட்டுக்கு வாறாய். "இளந்தாரிப் பொடியனுக்குக் கிழவியோட என்ன கூட்டு?" எண்டு சந்தியில நாலு பேர் நாடியைத் தடவுறாங்க. உன்ட கூட்டாளி ஒருத்தன் படம் புடிச்சு 'அபூர்வ நட்பு' எண்டு முகநூல்லயும் போட்டுட்டானாமே? ஊர்பேர் தெரியாத ஆக்களெல்லாம் இதயம் போட்டிருக்காம்.

என்னத்த மனே அபூர்வம்? பகல் பதினொரு மணிக்கு இந்த ஒழுங்கையில யார் இருக்கா, எண்ணிப் பார். அப்பன் வட்டையில. ஆத்தா குவைத்தில. அண்ணன் சுவிஸில. தங்கச்சி ரியூசனில. மிச்சம் நீ, பெத்தா, பெத்தாட நாய். நாய்க்குக் கதைக்கத் தெரியாது. நீயும் பெத்தாவும் கதைக்காம மறுகா வேற யார் கதைக்கிற? இதுக்கு ஒரு இதயமா?

இன்னொண்டும் இருக்கு. உன்னைக் கண்டா ஊருக்கு ஒரே கேள்விதான்: "தம்பி, அடுத்தது என்ன?" பெத்தாவைக் கண்டா ஒரே புத்திமதிதான்: "சும்மா ஒரு மூலையில இரிங்க." உன்னை ஓடச் சொல்றாங்க, அவவை இருக்கச் சொல்றாங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் திருத்திற எண்ணம் இல்ல. அவ உன்னட்டக் கேக்கிறது "திண்டியா?" எண்டு மட்டும். அதுக்குப் பதில் சொல்லச் சான்றிதழ் தேவையில்லதானே?

ஆனா உலகம் அப்பிடி லேசில விடுமா? சீமையில, அதுதான் இங்கிலாந்தில, 2018 இல தனிமைக்கெண்டே ஒரு மந்திரியை வைச்சாங்க. 2021 இல யப்பான்காரனும் வைச்சான். நம்மட நாட்டில மந்திரிமாருக்குத் துறை தேடித் தேடிக் களைச்சுப்போன ஆக்கள் இதைக் கேள்விப்பட்டா எவ்வளவு சந்தோசப்படுவாங்க! வாகனம் ஒண்டு, காவலுக்கு நாலு பேர், தனிமையை ஒழிக்க ஒரு கூட்டம். கூட்டத்தில பெத்தாவுக்குக் கதிரை கிடைக்குமா எண்டதுதான் சந்தேகம்.

ஒல்லாந்தில இன்னும் விசேசம். டெவென்டர் எண்ட ஊரில ஹியூமனிடாஸ் எண்டு ஒரு முதியோர் இல்லம். அங்க கம்பஸ் பொடியனுகளுக்கு வாடகை இல்லாம அறை குடுக்கிறாங்க. கூலி என்ன? மாசம் 30 மணித்தியாலம் வயசானவங்களுக்கு நல்ல அயலவனா இருக்கோணும். கேட்ட நேரம் எனக்குச் சிரிப்பு அடங்கல்ல மனே. முப்பது மணித்தியாலம் முடிஞ்ச பிறகு அந்தப் பெத்தா ஒரு சிரட்டை தண்ணி கேட்டா என்ன சொல்லுவான்? "அடுத்த மாசம் ஒண்டாந் தேதி வாங்க" எண்டா?

சரி, சிரிச்சது காணும். அவங்களில பிழை சொல்ல ஏலாது. அயலெண்டதைத் துலைச்சவன் அதை ஒப்பந்தம் எழுதியாவது வாங்கிறான். நாம கையில வைச்சுக்கொண்டே துலைக்கிறம். யார் மடையன், சொல் பாப்பம்?

சிம்பாப்வேக்காரன் இன்னும் கெட்டிக்காரன். ஒண்டரைக் கோடிச் சனத்துக்கு மனநல வைத்தியர்மார் ஒரு டசின் அளவுதான். அதில ஒருத்தர், டிக்சன் சிபண்டா எண்டவர், 2006 இல தலைநகர் ஹராரேயில 14 பெத்தாமாரைக் கூட்டிப் பழக்கினார். மருந்தகத்து வளவுக்குள்ள ஒரு வாங்கு. ஒரு பக்கம் பெத்தா, மத்தப் பக்கம் மனசு பாரமான ஆள். அவ்வளவுதான். இது வேலை செய்யுதா எண்டு ஆராய்ச்சியும் பண்ணினாங்க. 2016 இல அமெரிக்க வைத்தியச் சஞ்சிகையில வந்திச்சு: வழமையான கவனிப்புக் கிடைச்சவங்களை விட, வாங்கில இருந்து கதைச்சவங்களுக்கு ஆறு மாசத்தில நல்ல சுகம். அந்தப் பெத்தாமார் சும்மா "ம், ம்" கொட்டிக்கொண்டு இருக்கல்ல, கவனி. "உன்ட கரச்சலில முதல்ல எதைத் தீர்ப்பம்?" எண்டு கேட்டு, ஒண்டைத் தெரிஞ்சு, செய்யிறதுக்கு ஒரு வேலையைக் குடுத்து அனுப்புவாங்க.

நான் சொல்லவாறதும் அதுதான் மனே. கூட்டு கதையில மட்டும் நிக்காது. கையில ஒரு வேலை வேணும்.

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. உனக்கு ரமண மகரிஷியைத் தெரியும். சுவரில கோவணத்தோட தொங்கிற படம். ஆனா படமாகிறதுக்கு முதல் அவரும் உன்னைப் போல ஒரு பொடியன்தான். பேர் வேங்கடராமன், வயசு 16, மதுரையில படிப்பு. இங்கிலீசு இலக்கணத்தை எழுதுடா எண்டா கொப்பியைத் தள்ளிவைச்சுக் கண்ணை மூடிக்கொள்ளுவார். இப்பிடியான ஆளுக்குப் படிப்பெதுக்கு எண்டு தமையன் ஏசினார். தமையன்ட கல்லூரிக் கட்டணத்துக்கு இருந்த 5 ரூபாயில மூண்டை எடுத்துக்கொண்டு, ரெண்டைக் கடுதாசியோட வைச்சிட்டு, 1896 ஆகஸ்ட் 29 வீட்டை விட்டு வெளிக்கிட்டார். வழியில காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைச்சார். மீட்கிறதுக்குக் குடுத்த விலாசத்தையும் கிழிச்செறிஞ்சார். செப்டம்பர் 1 திருவண்ணாமலை. நம்மட சந்தி ஆக்கள் அண்டைக்கு அங்க நிண்டிருந்தா என்ன பேர் வைச்சிருப்பாங்க? 'தறுதலை' எண்டுதானே?

1898 இல தாய் தேடிவந்து அழுதா: வீட்டுக்கு வா. பிறகு பக்தர்மார் வந்தாங்க: அருள் தா. எல்லாருக்கும் அவரிட்ட ஒரு தேவை. ஆனா மலையில குகை நமசிவாயர் கோயில் மண்டபத்தில ஒரு கிழவி இருந்தா. மலையெல்லாம் திரிஞ்சு கீரை புடுங்குவா. ஊருக்குள்ள இறங்கி அரிசி பருப்புக் கேட்டு வாங்குவா. ஆக்கி, விரூபாட்ச குகையில இருந்த அந்த இளந்தாரிக்குக் கொண்டுபோய்க் குடுப்பா. சனம் அவவைக் கீரைப்பாட்டி எண்டே கூப்பிட்டிச்சு. அவரும் சாமியெண்டு சப்பாணி கட்டிக்கொண்டே இருக்கல்ல. கீரை புடுங்கிறதுக்கும் ஆயிறதுக்கும் கூடமாட நிண்டிருக்கார். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு, பெரிய பெரிய ஆக்களெல்லாம் முன்னால இருக்க, அந்தக் கிழவிட கீரையைத்தான் எடுத்துச் சொல்லுவார்.

1926 இல ஆச்சிரமத்துக்கு லட்சுமி எண்டு ஒரு கண்டு வந்திச்சு. கீரைப்பாட்டிதான் பசுவாப் பிறந்து வந்திருக்கா எண்டு பக்தர்மார் நம்பினாங்க. அது 1948 இல செத்த நேரம் மனுசருக்குச் செய்யிறது போலச் சமாதி வைச்சாங்க. நீ நம்பு, நம்பாம விடு. ஒரு பிடி கீரை எவ்வளவு காலம் நினைவில நிண்டிருக்கு, அதைப் பார். முகநூல் இதயம் மூண்டு நாள் தாங்குமா?

இதைக் கேட்டிட்டு நாளைக்கு நீயும் மகரிஷி ஆகலாமெண்டு கணக்குப் போடாத. தங்கச்சிட தோட்டை அடகு வைச்சா நீ மலைக்குப் போக மாட்டாய் மனே, பொலிசுக்குத்தான் போவாய்.

முந்தநாள் வேலிப் பொட்டுக்கால நான் உங்க ரெண்டு பேரையும் பாத்தன். அவ சுளகில பொன்னாங்காணியைப் போட்டுத் தந்தா. நீ தண்டையும் இலையையும் ஒண்டா நறுக்கப் போனாய். அவ உன்ட கையில ஒரு தட்டுத் தட்டினா. மறுகா ஒரு நெட்டை எடுத்து, முத்தின தண்டு எவடத்தில முறியும், பிஞ்சு எவடத்தில வளையும் எண்டு விரலால காட்டினா. நீ வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு நெட்டா ஆய்ஞ்சாய். போன் மடியில கிடந்து கத்திச்சு. நீ எடுக்கல்ல. அண்டைக்குத்தான் நினைச்சன், இந்தப் பொடியன் இன்னும் உருப்படாமப் போகல்ல எண்டு.

அவட தலைக்குள்ள என்ன இருக்கெண்டு உனக்குத் தெரியுமா? 1978 நவம்பர் சூறாவளியில தென்னையெல்லாம் படுத்த ராவு எந்தச் சுவரோரம் ஒதுங்கித் தப்பினது எண்டு கேள். 2004 மார்கழி 26 காலையில கடல் வந்த நேரம் எந்த ஒழுங்கையால ஓடினது எண்டு கேள். வீடும் வளவும் பொம்புளப் புள்ளைக்குச் சீதனமாப் போற ஊர் இது. ஆம்புளைக்குத் திண்ணைதான் மிச்சம், என்னைப் பார்! அதனால எல்லைக்கல்லு எவடத்தில கிடக்கு, எந்தக் குடி யாருக்குச் சொந்தம், எதுவும் அவவைக் கேட்டாத்தான் தெரியும். உறுதி எழுதிற நொத்தாரிசே கடைசியில ஒரு கிழவிட வாயைத்தான் பாக்கிறார். 2012 கணக்கெடுப்பில நம்மட நாட்டில எட்டுப் பேருக்கு ஒருத்தர் அறுபது தாண்டின ஆள். இப்ப இன்னும் கூடியிருக்கும். எட்டில ஒருத்தர்ட வாயை மூடிவைச்சிட்டு, நாம யூரியூப்பில வாழுற வழி தேடுறம்.

கேக்கிறாய்தானே? அப்ப நாலு சொல்லுச் சொல்லுறன். பெத்தாவைப் படம் புடிக்காத. புடிச்சாலும் ஊருக்குக் காட்டாத. அவட ஒவ்வொரு வசனத்தையும் 'ஞானம்' எண்டு எழுதி வைக்காத, பாதி பொய், நானும் கிழவன்தான், எனக்குத் தெரியாதா? அவ சொன்ன கதையைத் திருப்பிச் சொன்னாலும் புதுசாக் கேள். "உங்களுக்கு உதவி செய்ய வந்தன்" எண்டு மட்டும் வாய் திறக்காத. சுளகால அடிப்பா. அந்தத் தாவாரத்துல குந்திறதாலயே உனக்கு உத்தியோகம் கிடைச்சிராது, அதையும் நினைவில வை. ஆனா ஒரு வேலையை முழுசாச் செய்து முடிக்கிற கை அங்கதான் பழகும். அதுக்குப் பிறகு வட்டையோ கடையோ கட்டாரோ, எங்க போனாலும் உன்னால நிக்க ஏலும்.

வியாழக்கிழமை அவவுக்குக் கிளினிக். வெள்ளனவே போய் வரிசையில நிண்டாத்தான் நம்பர் கிடைக்கும். அந்தக் கிளினிக் கொப்பியை நீ கொண்டுபோய் வை. அவ ஆறுதலா வரட்டும். அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசும காசு எடுக்க வங்கிக்கும் ஒருக்காக் கூட்டிப் போ. இதுக்கு மந்திரியும் வேணாம், ஒப்பந்தமும் வேணாம்.

இனி எழும்பு. போற வழியில எனக்கு ரெண்டு வெத்திலை வாங்கித் தந்திட்டுப் போ. காசு நீதான் குடுக்கோணும். புத்திமதி சும்மா கிடைக்குமெண்டு உனக்கு யார் சொன்ன?