எல்லை தெரியவில்லையாம்

மேலேயிருந்து பார்த்தால் எல்லைக்கோடே தெரியவில்லையாம். 2025 ஜூன் 28 அன்று விண்வெளி நிலையத்திலிருந்து இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா பிரதமர் மோடிக்குச் சொன்னார். பூமி முழுக்க ஒன்றாம். நல்லது. பருத்தித்துறையில் விடியப்புறம் வள்ளம் தள்ளுகிறவனைக் கேளுங்கோ. 1974 ஜூன் கடைசியில் கொழும்பும் டில்லியும் கீறின கோடு அவன்ர ஜிபிஎஸ்ஸில் பளிச்சென்று தெரியும். தெரியாதது இரண்டு பேருக்குத்தான்: விண்வெளி வீரருக்கும், எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகிற இந்திய ரோலர் முதலாளிக்கும்.

சுக்லாவில் எனக்குக் கோபமில்லை. அவருக்குக் கிடைத்த ஆசனத்தைப் பற்றித்தான் கதை. 1984 ஏப்ரலில் முதல் இந்தியராக ராகேஷ் சர்மா ஏறியது சோவியத்தின் சோயுஸ். அப்போது டில்லிக்கு மொஸ்கோ வேண்டப்பட்ட ஆள். 41 வருசம் கழித்துச் சுக்லா ஏறியது அமெரிக்க டிராகன். சீனாவுக்கு அந்தப் படலையே பூட்டு: நாசா அவர்களோடு கூட்டுச்சேரக்கூடாதென்று 2011இல் அமெரிக்கக் காங்கிரஸ் தடை போட்டது. அவர்கள் தங்களுக்கென்று ஒரு நிலையத்தைக் கட்டிக்கொண்டார்கள். விண்கலங்களைப் பின்தொடர்கிற அவர்களின் யுவான் வாங் 5 கப்பல் 2022 ஆகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு வர, டில்லிக்குக் காய்ச்சல். கொழும்பு முதலில் பொறு என்றது, பிறகு வா என்றது. கடன்பட்ட வீட்டுக்கு வேறு என்ன வாய் இருக்கு?

எங்களுக்கும் பங்கு வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய மின்சாரம் தரச் சீனக் கம்பனி வந்தது. டில்லி முறைத்தது. 2021 டிசம்பரில் வேலை நின்றது. அதே டிசம்பரில் சீனத் தூதர் வேட்டி கட்டி, வெறும் மேலோடு நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டார். அடுத்த மார்ச்சில் அதே தீவுகளுக்கு டில்லி ஒப்பந்தம் போட்டது. கந்தனுக்கு இரண்டு பெண்சாதி, தீவாருக்கு இரண்டு மாப்பிள்ளை.

இது இன்று நேற்றைய கதையில்லை. யூரி ககாரின் பறந்தது 1961 ஏப்ரல் 12. இரண்டு நாள் கழித்து யாழ்ப்பாணத்தில் செல்வநாயகமும் அவரின் தமிழரசுக் கட்சிக்காரரும் சொந்தத் தபால்சேவை தொடங்கினார்கள். ககாரின் 108 நிமிசத்தில் பூமியைச் சுற்றி இறங்கிவிட்டான். இங்கே தமிழில் கடிதம் கேட்டதற்கு மூன்று நாளில் அவசரகாலச் சட்டம், பின்னால் ஆமி. எந்த வல்லரசின் சரித்திரத்திலும் அந்த ஏப்ரல் ககாரினுக்குத்தான்.

சுக்லா புறப்பட்ட 2025 ஜூன் 25 அன்று ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் வோல்கர் டர்க் யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் நின்றார். பக்கத்தில் அணையா விளக்கு எரிந்துகொண்டிருந்தது, காணாமல் போனவர்களின் படத்தோடு தாய்மார். சில நாளில் அங்கே சித்துப்பாத்தி மயானக் குழிக்குள் ஒரு பிள்ளையின் எலும்புக்கூட்டோடு நீலப் புத்தகப்பை வெளிப்பட்டது. நானூறு கிலோமீற்றர் உயரத்துக்கு இது எங்கே தெரியப்போகிறது! தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டித்தான் எடுத்தார்கள்.