பானகக் கப்கேக்கில் மண்டியின் இடம்: ஆரணியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பானகம் என்பது வெல்லம் கரைத்த தண்ணீர். இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் யாரும் முனைவர் பட்டம் தரமாட்டார்கள் என்பதால் மறுபடி தொடங்குகிறேன். பானகம் எனப்படுவது, நீர்மத்தன்மை வாய்ந்த ஊடகமொன்றில் இனிப்புத்தன்மை வாய்ந்த திண்மப் பொருளொன்று கரைதல்தன்மை எய்தியதன் விளைவாகத் தோன்றும், பருகுதல்தன்மை வாய்ந்த பண்பாட்டு நிகழ்வு ஆகும். இப்போது சரியாக இருக்கிறது.

ராம நவமிக்கு இரண்டு நாள் முன்பு, சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஊருக்கு வந்தாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் மேல்நாட்டார் எக்நாக் என்றொன்று குடிக்கிறார்கள். பாலும் முட்டையும் சர்க்கரையும் அடித்து, ஜாதிக்காய் தூவி, கைவசம் இருந்தால் ரம்மும் ஊற்றுவார்கள். அதே ருசியில் கப்கேக்கும் சுடுகிறார்கள். அதை எங்கோ பார்த்துவிட்டு வந்தவள், "நம்ம பானகத்துல ஏம்பா சுடக்கூடாது?" என்றாள். ஆய்வுச் சிக்கல் இவ்வாறு தோன்றியது.

ஆய்வு எல்லை

வடக்கே அடுப்பு, தெற்கே பாத்திரம் கழுவும் தொட்டி, கிழக்கே ஃப்ரிட்ஜ், மேற்கே அம்மாவின் நாற்காலி. மேற்கு எல்லையைக் கடக்க அனுமதி கிடைக்கவில்லை.

ஆய்வு நோக்கம்

தின்பது.

இதுவரை நடந்த ஆய்வுகள்

குடிக்கிற சமாச்சாரத்தைக் கேக்கில் ஏற்றுவது நம் பக்கம் புதிதல்ல. 1883இல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம், மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி சீமையிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைக் காட்டி, இதேபோல் செய்து தா என்று கேட்டாராம். பக்கத்திலிருந்த மாஹியில் பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னதாகவும், பாபு அதை விட்டுவிட்டு முந்திரிப் பழமும் கதலி வாழையும் சேர்ந்த நாட்டுச் சரக்கை ஊற்றியதாகவும் சொல்வார்கள். பிரவுன் தின்று பார்த்து, இன்னும் ஒரு டஜன் கேட்டார். அறிஞர்கள் இந்த நிகழ்ச்சியை 'உள்ளூர்மயமாதல்' என்பார்கள். பாபுவைக் கேட்டிருந்தால் கையில் இருந்ததை ஊற்றினேன் என்றிருப்பார்.

ஆரணிக்கும் சீமைப் பண்டிகைக் குடிகளுக்கும் தொடர்பு இருந்திருக்குமா என்பதும் நோக்கத்தக்கது. 1751 டிசம்பர் 3ஆம் தேதி ராபர்ட் கிளைவ் இங்கே ஒரு சண்டை போட்டு வென்றார். கிறிஸ்துமஸுக்குச் சரியாக 22 நாள் இருந்தது. அவர் ஆரணியில் பானகம் குடித்ததற்குச் சான்று இல்லை. குடிக்கவில்லை என்பதற்கும் சான்று இல்லை. நம் வரலாற்று நூல்களில் பாதி இந்த இரண்டாவது வாக்கியத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பதால் நானும் துணிந்து எழுதுகிறேன்: கிளைவ் பானகம் குடித்தார்.

பானகத்தில் ஆரணியின் தனியுரிமை

பானகத்தை எந்த ஊரும் சொந்தம் கொண்டாடலாம். ஆனால் ஆரணிக்கு ஒரு படி கூடுதல் உரிமை உண்டு. புதுக்காமூரில், கமண்டல நாகநதிக் கரையில், புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில் இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டித் தசரதன் வேள்வி செய்த இடம் இதுவே என்பது தலபுராணம். வேள்வி இல்லையேல் பாயசம் இல்லை. பாயசம் இல்லையேல் ராமன் இல்லை, ராமன் இல்லையேல் நவமி இல்லை, நவமி இல்லையேல் பானகம் இல்லை. ஆகவே உலகில் யார் எங்கே பானகம் குடித்தாலும் அது ஆரணிக்குத் தரவேண்டிய பாக்கி. (இக்கருத்தை வழிமொழிந்தவர்: பெரிய அத்தை, தொலைபேசி நேர்காணல், இரண்டாம் அழைப்பு. முதல் அழைப்பு "யாரு?" என்பதோடு நின்றது.)

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பானகத்துக்கும் விண்ணப்பித்தால் என்ன என்று எதிர்வீட்டுத் தறிக்கார அண்ணனிடம் கேட்டேன். "முதல்ல கூலிய ஏத்தச் சொல்லு சார், அப்புறம் பானகத்துக்குப் போலாம்" என்றார். இது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது என்று குறித்துக்கொண்டேன்.

'கப்' என்னும் சொல்

1796இல் அமேலியா சிம்மன்ஸ் எழுதிய சமையல் நூலில், சின்னக் கோப்பைகளில் சுடும் கேக் ஒன்று வருகிறது. 1828இல் எலைஸா லெஸ்லியின் நூலில் 'கப் கேக்' என்ற பெயரே வந்துவிட்டது. கோப்பையில் சுட்டதால் அந்தப் பெயரா, கோப்பையால் அளந்ததால் அந்தப் பெயரா என்று மேல்நாட்டில் உண்மையாகவே விவாதம் இருக்கிறது. இதற்கெல்லாம் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்ததும் என் கூச்சம் போய்விட்டது.

அளவு என்றால் எந்த அளவு? அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி. எங்கள் வீட்டு ஆழாக்கு சுமார் 168 மில்லி. மகள் கப் என்கிறாள், மனைவி டம்ளர் என்கிறாள், அம்மா ஆழாக்கு என்கிறார். மூவரும் அவரவர் அளவில் ஒவ்வொரு முறை மைதா போட்டதால் மாவு மூன்று நாகரிகங்களின் சங்கமமாக விளைந்தது. எங்கள் ஆற்றின் பெயரிலேயே கமண்டலம் இருப்பதையும், கமண்டலமும் ஒரு வகைக் கப்பே என்பதையும் கருதினால், ஆற்றங்கரையில் வாழும் நாங்கள் அனைவரும் கப்கேக் மரபினர் என்பது வெளிப்படை. ஆற்றில் தண்ணீர் பார்ப்பது அரிது என்பது இந்தக் கருத்தைப் பாதிக்காது.

'கேக்' என்ற சொல்லின் வேர் 'கேக்க' என்பதே. குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேக்கக்கூடிய பண்டம் கேக். இதைவிட மெலிந்த ஆதாரத்தில் உலக மொழிகள் பலவற்றை ஒரே நூலில் வென்றவர்கள் நம்மிடையே நலமாக இருக்கிறார்கள்.

மண்டி

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம்.

மண்டி என்பது பானக அண்டாவின் அடியில் தங்கும் சுக்குப்பொடி, ஏலக்காய்த் தோல், வெல்லத்தோடு வந்த தூசு, தப்பி விழுந்த எலுமிச்சை விதை ஆகியவற்றின் கூட்டமைப்பு. வெல்லம் கரையும், சுக்கு கரையாது. கலக்கியதும் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு மெல்ல அடியில் போய் உட்காரும். கோயிலில் பானகம் ஊற்றுகிறவர் கரண்டியால் கலக்கிக்கொண்டே ஊற்றினால் எல்லார் டம்ளருக்கும் சுக்கு போகும். அவர் யாரிடமாவது பேச ஆரம்பித்துவிட்டால் போயிற்று. வரிசையின் தலையில் நிற்பவருக்கு வெறும் இனிப்புத் தண்ணீர். கடைசியில் நிற்பவருக்கு, தொண்டையில் தீப்பிடித்து, கண்ணில் நீர் வந்து, ராமர் நேரில் தெரிவார். இதைக் 'கடைசி டம்ளர் சிக்கல்' என்று பெயரிடுகிறேன். பெயரிட்டவன் நான் என்பதை இனி எழுதுவோர் மறவாமல் குறிப்பிட வேண்டும்.

இதில் மூன்று பள்ளிகள் உண்டு. மேலோட்டமாக மொண்டு குடிக்கும் தெளிவு வாதிகள். அடியிலிருந்துதான் வேண்டும் என்னும் மண்டி வாதிகள். இவர்களில் பெரும்பாலோர் சளி பிடித்தவர்கள். "கலக்கி ஊத்துப்பா" என்று வரிசையிலிருந்து குரல் கொடுக்கும் கலக்கல் வாதிகள். மூன்றாம் பள்ளியாரே வரலாற்றை நகர்த்தியிருக்கிறார்கள்.

இச்சொல்லின் வீச்சு அறிஞர் கண்ணில் இதுவரை படாதது வியப்பு. ஆரணியில் திரும்பின பக்கமெல்லாம் அரிசி ஆலை, அரிசி மண்டி. சரக்கு வந்து தங்கும் இடம் மண்டி. தங்குவது எது? அடியில் தங்குவது. ஆகவே வியாபார மண்டி பானக மண்டியிலிருந்து பிறந்தது. இந்த இடத்தில், மண்டி என்ற சொல் வடக்கேயும் சந்தைக்கு வழங்குகிறதே என்று ஒருவர் தடை எழுப்பக்கூடும். எழுப்பட்டும். தில்லி ஆசாத்பூர் மண்டியில் இன்று வெங்காயம் விற்பவர், இமாசலத்தில் மண்டி என்ற பெயருள்ள ஊரிலேயே குடியிருப்பவர், யாவரும் எங்கள் அண்டாவின் அடியிலிருந்து புறப்பட்டவர்களே. மேலும், உயரமான அண்டாவின் அடியைக் கரண்டி எட்ட வேண்டுமானால் முழங்காலை மடக்கித் தரையில் ஊன்ற வேண்டும். அதற்குப் பெயர் என்ன? மண்டியிடுதல்! மண்டியிட்டால்தான் மண்டி கிடைக்கும். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'மண்டே' என்ற ஆங்கிலக் கிழமையையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று கல்லூரி நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். ஆய்வு நேர்மை கருதி அதை அடுத்த கட்டுரைக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

மண்டி பற்றிய மிகப் பழைய ஆவணம் எங்கள் வீட்டு அண்டா. (பித்தளை அண்டாவின் கழுத்துப் பொறிப்பு, சீர்வரிசை வகைச் சாசனம், வரி 1, தேதி புளி போட்டுத் தேய்த்ததில் அழிந்தது, முதற்படி எங்கள் பரணில், இணைப்படியாகிய மூடி சின்ன மாமா வீட்டில், அண்டாவும் தம்முடையதே என்பது மாமா கொள்ளும் பாடம், அப்பாடத்தை மறுத்து அத்தை, மேலது, இருமலுக்குப் பின், மறுப்பை மறுத்து மாமா, திருமண வீடு, பந்திக்கு முன், சமரசமாக அம்மா, "அது கெடக்குது போ", பல இடங்களில்.)

இந்தச் சிக்கலுக்கு விடிவு கப்கேக்கில் இருக்கிறது என்பதே என் கருதுகோள். தண்ணீரில் அடங்கிவிடும் சுக்கு, கெட்டியான மாவில் அடங்க முடியாது. நடுவழியில் சிக்கி அங்கேயே நிற்கும். வெந்ததும் நிரந்தரமாக நிற்கும். அப்படியானால் 12 கப்கேக் சுட்டால் 12 பேருக்கும் ஒரே அளவு காரம். தலை வரிசை, கடை வரிசை என்ற பேதம் கிடையாது. தறியில் பாவுக்கு ஊடை எப்படியோ அப்படி மாவுக்கு மண்டி. இந்த வாக்கியம் மட்டும் தனியாக அச்சாகிச் சுவரில் தொங்கும் நாளை எதிர்நோக்குகிறேன்.

ஒப்பீட்டு நோக்கு

காகிதக் கப்பின் மடிப்பைத் தறிக்கார அண்ணன் விரலால் தடவிப் பார்த்து, "இன்னா சார், கொசுவம் வெச்ச மாதிரி கீது" என்றார். ஒப்பீடு முற்றிற்று.

செய்முறை

கெட்டியாகக் கரைத்த பானகம் ஒரு கப். மைதா, மேலே கண்ட மூன்று அளவில். எண்ணெய் அரைக் கப். சுக்கு, ஏலக்காய், சிட்டிகைப் பச்சைக் கற்பூரம். ஒரு மூடி எலுமிச்சை பிழிந்து, கடைசியாக அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. (அளவுகளுக்கு ஆதாரம்: மனைவியின் நோட்டு, பால் கணக்குக்கு மேலே, இடது ஓரம்.) மேலே பூசும் க்ரீமுக்கு நீர்மோர்ச் சுவை கொடுக்கலாம் என்ற முன்மொழிவு, மேற்கு எல்லையிலிருந்து வந்த ஒரு பார்வையில் தள்ளுபடியானது.

மகளின் போனில் இருந்த குறிப்பு மாவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்றது. ஆகவே சுக்கு, ஏலக்காய் எல்லாம் போட்டுக் கரைத்த பானகத்தைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். உதவி என்ற முறையில் ஆய்வில் என் கை பட்ட இடம் அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் அவன் கிடையாது. பெரிய குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் சூடேற்றி, உள்ளே தட்டு வைத்துச் சுடுவது. மணல் எங்கிருந்து வந்தது என்று ஆரணியில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

புளிப்பும் சோடாவும் சேர்ந்த கணமே நுரை கிளம்பும். அந்தக் காற்றுதான் கேக்கைத் தூக்கும். அது ஆறுவதற்குள் மாவு அடுப்புக்குப் போய்விட வேண்டும். நான் அந்த நேரம் பார்த்து மண்டியிடுதல் என்ற சொல்லின் வரலாற்றை விளக்கத் தொடங்கினேன். "அப்பா, சோடா போட்டாச்சு" என்று மகள் இரண்டு முறை சொன்னாள். மேற்கோள்களோடு முடிக்க 25 நிமிடம் ஆயிற்று. கப்கேக்குகள் உப்பவில்லை. நடுவில் ஆளுக்கொரு குழியோடு, கோலி விளையாடிய தெருபோல வெளியே வந்தன. ஆய்வுலகில் இதற்கு 'எதிர்பாராத் தரவு' என்று பெயர்.

எறும்புச் சோதனை

ஆந்திரத்தில் மங்களகிரி நரசிம்மருக்குப் பானகம்தான் நிவேதனம். சங்கில் ஊற்ற ஊற்ற, பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பக்தருக்குத் திருப்பித் தருவார் என்பது அங்குள்ள நம்பிக்கை. அவ்வளவு வெல்லத் தண்ணீர் சிந்தும் அந்த இடத்தில் ஓர் எறும்பைக்கூடப் பார்க்க முடியாது என்றும் சொல்வார்கள்.

எங்கள் கப்கேக்குகளைத் தட்டில் அடுக்கி, மூடாமல், சமையல் மேடையில் இரவு முழுக்க வைத்தோம். காலையில் பார்த்தால் ஓர் எறும்பு இல்லை. உடனே நோட்டை எடுத்து, 'மங்களகிரிக்கு இணையான தெய்வீகப் பண்பு ஆரணியிலும் உறுதிப்படுகிறது' என்று எழுதி அடிக்கோடும் இட்டுவிட்டேன்.

வாய்மொழித் தேர்வு

புறத்தேர்வாளராக மனைவி அமர்ந்தாள். ஒரு கப்கேக்கைப் பிட்டு வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்றாள்.

"சுக்கே இல்லியே?"

மாவின் கெட்டித்தன்மை காரணமாகச் சுக்கு எல்லா இடத்திலும் சமமாகப் பரவிவிட்டதால் தனியாகத் தெரியவில்லை என்று பதில் சொன்னேன். அவையடக்கத்தோடுதான் சொன்னேன்.

அவள் எழுந்து தெற்கு எல்லைக்குப் போனாள். தொட்டிக்கு மேலே ஜன்னல் கம்பியில், நான் பிழிந்து தொங்கவிட்ட வேட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, சுக்கும் ஏலக்காய்த் தோலுமாக மண்டி முழுவதும் இருந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்து அதுவரைக்கும், ஒன்றையொன்று முந்தாமல், தெருவில் நீட்டிய பாவுபோல, ஊரிலுள்ள எறும்பெல்லாம் வரிசையில் நின்றிருந்தன.