ஐம்பது கடந்தும் இல்லம் மாறாமை: மார்க்கம் பூங்காக்களை முன்வைத்து ஓர் ஆய்வு

யாழ்ப்பாணத்து ஆண்கள் பாடசாலையொன்றில் படித்து, பின்னர் கனடாவின் மார்க்கத்தில் குடியேறிய ஒருவர் தம் வாழ்நாளில் எவற்றையெல்லாம் மாற்றுகிறார் என்பது ஊரறிந்த விஷயம். நாட்டை மாற்றுகிறார். கடவுச்சீட்டை மாற்றுகிறார். வேலையிடத்தில் யாருக்கும் வாய்க்குள் நுழையவில்லை என்று பெயரின் பின்பாதியை வெட்டிவிடுகிறார். ஸ்காபரோ அடுக்குமாடியில் தொடங்கி, ஸ்ரீல்ஸ் அவனியூவைத் தாண்டி, இரட்டைக் கராஜ் வீட்டுக்கு வந்து சேர்கிறார். வட்டிவீதம் அரைப்புள்ளி குறைந்தால் வங்கியையும் மாற்றுகிறார். ஆனால் பதினொரு வயதில் ஓர் எழுதுவினைஞர் தலை நிமிராமல் எழுதிக் கொடுத்த விளையாட்டு இல்லத்தை மட்டும் அவர் மாற்றுவதேயில்லை. அறிவுலகம் இந்த அதிசயத்தை இன்னும் கண்டுகொள்ளாமல் இருக்கிறது. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் புலம் மார்க்கம் மாநகரம். வன்னி அவனியூ என்றொரு வீதி உள்ள ஊருக்கு மேலதிக அறிமுகம் வேண்டியதில்லை. குறிப்பாக, மக்கோவன் வீதியில் ஏழாம் நெடுஞ்சாலைக்குத் தெற்கே, ரூஜ் ஆற்றங்கரையில் உள்ள மில்ன் அணைப் பூங்காவும், கோடை வார இறுதிகளில் கொத்துரொட்டி வாசம் வீசும் அதன் சகோதரப் பூங்காக்களும். ஆய்வு முறை, பங்குபற்றி அவதானித்தல். அதாவது மரநிழலில் மடக்குக் கதிரை போட்டு, ரோல்ஸ் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருத்தல். அவதானிக்கப்பட்ட பழைய மாணவர் சங்கத்தின் பெயரை வெளியிடுவதற்கில்லை. வெளியிட்டால் அடுத்த ஒன்றுகூடலில் ஆய்வாளருக்குக் கூழ் கிடைக்காது.

இல்லம் என்பது யாது

ஈற்றன், ஹரோ, ரக்பி போன்ற இங்கிலாந்தின் பழைய ஆண்கள் பாடசாலைகளில் இல்லம் என்றால் மெய்யாகவே ஒரு கட்டடம். பையன்கள் அதற்குள் உண்டார்கள், உறங்கினார்கள், அடி வாங்கினார்கள். பின்னேரம் பக்கத்துக் கட்டடத்துப் பையன்களோடு மோதினார்கள். இந்த ஏற்பாடு கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தபோது கட்டடம் கரையிலேயே நின்றுவிட்டது. மோதல் மட்டும் வந்து இறங்கியது. விடுதியில் இருந்த சிலரை விட்டால், நம்முடைய பெடியன் மணியடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்விடுவான். ஆகவே அவனுடைய இல்லத்துக்குக் கூரையில்லை, சுவரில்லை. ஒரு பெயர், ஒரு நிறம், ஒரு கூச்சல், இவ்வளவுதான் அதன் அசையும் அசையாச் சொத்து.

பரி. யோவான் கல்லூரியில் இல்லங்கள் அதிபர்மாரின் பெயரைத் தாங்கி நின்றன: பீற்றோ, தொம்சன், பாகிற்றர் என்று. மிசன் பள்ளிக்கூடங்களுக்கு மாற்றாகச் சைவப் பெரியவர்கள் எழுப்பிய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வேதாகமம் வேண்டாம் என்றது. இல்லம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பீற்றோ இருந்த இடத்தில் காசிப்பிள்ளை, நாகலிங்கம், பசுபதி, சபாபதி என்று தன்னை வளர்த்தவர்களை இருத்தி, அதே ஓட்டத்தை ஓடியது. மதம் மாறுவதைத் தடுக்க முடிந்தவர்களால் அஞ்சலோட்டத்தைத் தடுக்க முடியவில்லை.

காலவரிசை பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தன் தோற்றத்தை 1816 என்று கணக்கு வைக்கிறது. பரி. யோவான் 1823. ரொறன்ரோவின் பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கிற அப்பர் கனடா கொலிஜ் 1829இல்தான் பிறந்தது; அங்கேயும் பத்து இல்லங்கள் உண்டு. இந்த மூன்று ஆண்டுகளையும் வரிசையாக ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு இரண்டு விநாடி பேசாமல் நின்றால், மார்க்கத்தின் எந்த விருந்து மண்டபத்திலும் கைதட்டல் நிச்சயம்.

ஆண்டுச் சக்கரம்

ஊரில் வருடம் முதலாம் தவணையோடு ஓடத் தொடங்கும். வகுப்பறையில் புதுக் கொப்பியின் மணம் போகுமுன்னே தெரிவு ஓட்டங்கள். அதன் பின் மைதானத்தைச் சுற்றி இல்லங்களுக்குக் கொட்டில் எழும்பும். கிடுகு, தென்னோலைத் தோரணம், மட்டையில் கோபுரம், மட்டையில் கப்பல். இரவிரவாகப் பசை காய்ச்சி ஒட்டுவார்கள். அலங்காரத்துக்கும் புள்ளி உண்டு, அணிநடைக்கும் புள்ளி உண்டு. அழைப்பிதழில் இந்த வைபவத்தின் முழுப்பெயர் ‘வருடாந்த இல்ல மெய்வல்லுநர் திறனாய்வுப் போட்டி’. அதை ஒரே மூச்சில் வாசித்து முடிக்கிற அறிவிப்பாளருக்கும் நியாயப்படி ஒரு புள்ளி கொடுத்திருக்க வேண்டும். பங்குனியில் மத்திய கல்லூரியும் பரி. யோவானும் மோதும் வடக்கின் பெருஞ்சமர், 1904இல் தொடங்கிய துடுப்பாட்டம். இரண்டாம் தவணையில் உதைபந்தாட்டம். மூன்றாம் தவணையில் சோதனை. ஒன்றுகூடல்களில் அதை மட்டும் யாரும் நினைவுகூர்வதில்லை.

மார்க்கத்தில் இச்சக்கரம் குளிருக்கு ஏற்ப வளைந்திருக்கிறது. ஜனவரியில் மைதானம் பனிக்குள் புதைந்திருப்பதால் பொதுக்கூட்டம் நடைபெறும். உடலுக்கு வேலை தராத, ஆனால் மூச்சிரைக்க வைக்கும் ஒரே உள்ளக விளையாட்டு அதுதான். பங்குனியில் பெருஞ்சமர். ஊரில் காலை ஆட்டம் தொடங்கும்போது இங்கே நடுச்சாமம். ஆகவே நிலக்கீழ் அறையில், சத்தத்தைக் குறைத்து, போர்வைக்குள் இருந்து கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். மறுநாள் வேலையிடத்தில் ‘குழந்தைக்குக் காய்ச்சல்’. கோடை முழுக்க நடைபவனி, கிரிக்கெட், ஒன்றுகூடல். கார்த்திகையில் விருந்து, கோட்டுக்குக் கீழே கழுத்துப்பட்டி எந்த நிறம் என்று உன்னிப்பாகப் பாருங்கள், ஆளின் இல்லம் தெரிந்துவிடும்.

களத்தரவு

ஆவணியில் ஒரு ஞாயிறு. நால்வகை நிற ரீசேட்டுகள் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. அளவு எக்ஸ்ட்ரா லார்ஜ் முதலில் முடிகிறது. சுண்ணாம்புக் கோடு போடப் பூங்காவில் வழியில்லை. மகனின் சொக்கர் பயிற்சிக்கு வாங்கிய செம்மஞ்சள் கூம்புகளை வைத்து ஆறு பாதை பிரிக்கிறார்கள். மூன்றாம் பாதையில் கனடிய வாத்துகள் ஏற்கெனவே தம் கருத்தைப் பதிவு செய்திருப்பதால் அதில் ஓட ஆளில்லை. தேசிக்காய்க் கரண்டி, சாக்கோட்டம், சங்கீதக் கதிரை எல்லாம் சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் நடந்து முடிகின்றன. பிறகு ஒலிபெருக்கி தொண்டையைச் செருமுகிறது: ‘ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பழைய மாணவர் ஓட்டம்’.

அந்த நேரத்தில் மரத்தடிக் கதிரையிலிருந்து ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார்கள். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், எண்பதைத் தாண்டியவர், கழுத்தில் இன்னும் விசில். அவர் அதை வாயில் வைத்ததும் நிகழ்ந்ததை ஆய்வாளர் தம் இரு கண்களால் கண்டார். நூறு பேருக்கு மேலாளராக இருப்பவர், வீடு விற்பனை முகவர், பல் வைத்தியர், இரண்டு லொறிக்குச் சொந்தக்காரர், அத்தனை பேரும் ஒரே கணத்தில் ரீசேட்டை உள்ளே விட்டு வயிற்றை இழுத்துக்கொண்டார்கள்.

சேர் வரிசையை மெல்லப் பார்த்தபடி நடந்தார். யாருடைய பெயரும் அவருக்கு நினைவில்லை. காப்புறுதி அலுவலகத்தில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவருக்கு முன்னால் நின்றார்.

“நீ பச்சையெல்லோ?”

“ஓம் சேர்.”

“அஞ்சலோட்டத்தில தடியை விழுத்தினவன்.”

“ஓம் சேர்.”

சிவப்பு இல்லம் கைதட்டியது. நடந்து முப்பத்தெட்டு வருடமான ஒரு வெற்றிக்கு அன்றைக்கும் அவர்களால் மனமுவந்து கைதட்ட முடிந்தது.

ஓட்டத்தின் முடிவு விஞ்ஞான ரீதியில் தெளிவற்றது. முன்னால் போன நீலம் பாதிவழியில் தொடையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டது. கோக் போத்தல்களுக்கு அடியிலிருந்த ஐஸ் முழுவதும் தொடைக்குப் போனது. தாதியாக வேலை செய்யும் மூன்று மனைவிமார் மூன்று விதமாக அபிப்பிராயம் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லோரும் முதலாவதாக வந்தார்கள்.

எதிர்வீரசிங்கம் அளவுகோல்

உயரம் பாய்தல் இங்கே நிகழ்ச்சிநிரலில் இடம்பெறுவதில்லை. காரணம் முழங்கால் என்று செயற்குழு சொல்கிறது. ஆய்வாளர் மரியாதை என்று கருதுகிறார். மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக்கில் பாய்ந்தவர். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. முதுகைக் கொடுத்துப் பாயும் பொஸ்பரி முறையை உலகம் 1968இல்தான் கண்டது. அதற்குப் பத்து வருடம் முந்திய பாய்ச்சல் இது. 2.03 மீற்றர் என்றால் எவ்வளவு என்று அறிய விரும்பும் மார்க்கவாசி எழுந்துபோய்த் தன் படுக்கையறைக் கதவுக்கு முன்னால் நிற்கலாம். இங்கே வழமையான உட்கதவின் உயரம் எண்பது அங்குலம். சரியாக அதே அளவு. அந்தக் கதவைப் பூட்டிவிட்டு, மேலால் போய்ப் பாருங்கள்.

கோட்பாடுகள்

இல்லம் ஏன் மாறுவதில்லை? நிறத்தின் மேலுள்ள பற்று என்பார் உளர். தவறு. பச்சை இல்லத்தவர் ஒருவர் சிவப்புக் கார் வைத்திருக்கிறார். விசாரித்தால், நிறத்தைத் தெரிந்தெடுத்தது மனைவி என்கிறார். வெற்றியின் மேலுள்ள பற்று என்பார் வேறு சிலர். அதுவும் தவறு, நான்காவதாக வந்துகொண்டேயிருந்த மஞ்சள் இல்லத்தவர்தான் ரீசேட்டுக்கு முதலில் காசு கட்டுகிறவர்.

நாம் முன்வைப்பது பதிவேட்டுக் கோட்பாடு. யாழ்ப்பாணத்தில் ஒருவனைக் கண்டால் முதல் கேள்வி ‘எந்த ஊர்?’. இரண்டாவது ‘ஆற்றை மகன்?’. மூன்றாவதை வாயால் கேட்பதில்லை. முதலிரண்டு பதில்களிலிருந்தும் பெருக்கிப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கிலிருந்து தப்பிய ஒரே இடம் இல்லம். எழுதுவினைஞர் சேர்விலக்கத்தைப் பார்த்தார்; ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பங்கிட்டார்; முடிந்தது. வட்டுக்கோட்டையான் சிவப்பு, பக்கத்து வாங்கு வட்டுக்கோட்டையான் நீலம். கோயிலுக்குப் போகிறவனும் தேவாலயத்துக்குப் போகிறவனும் ஒரே கொட்டிலுக்குப் பசை காய்ச்சினார்கள். எதிரியை வெறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லாததால் மனமார வெறுக்க முடிந்தது. போட்டி முடிந்ததும் அவனுடைய சைக்கிளிலேயே முன்பாரில் ஏறி வீட்டுக்குப் போகவும் முடிந்தது.

இதற்கு எதிர்மறைச் சான்றும் உண்டு. இந்நகரில் ஊருக்கொரு சங்கம், பள்ளிக்கொரு சங்கம், சங்கம் உடைந்து இன்னொரு சங்கம். ஆனால் இல்லத்துக்கென்று ஒரு சங்கம் கிடையாது. கட்டுரையை வாசித்துவிட்டு யாரும் தயவுசெய்து தொடங்க வேண்டாம்.

ஆட்சேபம் ஒன்று

அண்ணனும் தம்பியும் ஒரே இல்லத்தில் போடப்பட்டதுண்டே, பிறப்பு அங்கே நுழையவில்லையா என்று கேட்கலாம். அது வம்சமல்ல, சிக்கனம். அண்ணனுக்குச் சிறுத்த பெனியன் தம்பிக்கு அளவாக இருந்தது.

அடுத்த தலைமுறை

மார்க்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சிரமம் என்று அஞ்சினோம். தேவையற்ற அச்சம். “ஓ, கிறிபின்டோர் மாதிரியோ?” என்றாள் பதினான்கு வயதுக்காரி ஒருத்தி. ஹாரி பொட்டர் வாசித்த தலைமுறைக்கு இல்லம் புதிதல்ல. அங்கே தொப்பி ஆளின் உள்ளத்தைத் துருவிப் பார்த்து இல்லம் பிரிக்கும் என்று அவள் விளங்கப்படுத்தினாள். உள்ளத்தைத் துருவிப் பார்க்க எங்கள் எழுதுவினைஞருக்கு நேரம் இருக்கவில்லை. அவருக்குப் பத்தரை மணிக்குத் தேநீர். அப்படியென்றால் நீங்கள் எந்த இல்லம் என்று தகப்பனைக் கேட்டாள். அவர் ஐந்து நிமிடம் பதில் சொன்னார். இறுதி நிமிடத்தில் எழுந்து நின்று சொன்னார்.

புள்ளி அட்டவணை

அன்றைய இறுதி நிலவரத்தை இங்கே இணைப்பதாக இருந்தோம். கயிறிழுத்தலுக்கு முன்வரை பச்சை முன்னணியில் நின்றதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கயிறிழுத்தலில் மஞ்சளின் பக்கம் யாரோ ஒருவரின் மருமகன் இழுத்தார், அவர் பள்ளிக்கூடத்தின் வாசலையே கண்டவரில்லை என்று முறைப்பாடு எழுந்தது. சேரைக் கேட்கலாம் என்றார்கள். சேர் கூழ் குடித்துவிட்டு நித்திரையாகிவிட்டார். புள்ளிகள் எழுதப்பட்ட மட்டையைப் பத்திரத்துக்காகப் பொருளாளர் காரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுவாரம் வாட்ஸப்பில் வெளியான முடிவில் நீலம் இரண்டு புள்ளியால் வென்றிருந்தது. தொடை பிடித்தவருக்கு ஓட்டத்தில் முதலாம் இடம் கொடுக்கப்பட்டிருந்தது. விசேட பொதுக்கூட்டம் கூட்டக் கையொப்பம் சேர்க்கிறார்கள். பொருளாளர் நீல இல்லம்.