தொந்தி உள்ளவர்களுக்கு மட்டும்

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனால் பொழுதே போகாது என்பார்கள். என் மனைவிக்குப் போனது. சுரைக்காயில் போனது.

ஒஹாயோவில் காய்ந்த சுரைக்குடுக்கை விற்கிறார்கள். கறிக்கு இல்லை, சாயம் பூச. கிறிஸ்துமஸ் தாத்தா, பனிமனிதன், பென்குயின் என்று காயையே ஆளாக்கி ஜன்னலோரம் நிறுத்திவிடுகிறார்கள். இதற்கென்று சங்கம் உண்டு, கண்காட்சி உண்டு. நம் ஊரில் கூட்டுக்கும் ஆகாது என்று ஒதுக்குகிற அதே ஜாதிக் காய்தான்.

பறித்த காய் காயப் பல மாதம் ஆகும். அதற்குள் மேலெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சை பூத்துவிடும். அழுகிவிட்டது என்று தூக்கி எறியக்கூடாதாம். ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும். அப்புறம் வெந்நீரில் ஊறவைத்து, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் தோலைச் சுரண்டினால் அடியில் பழுப்பாக, கெட்டியாக ஓடு தெரியும். கலை மனைவியுடையது, சுரண்டல் என்னுடையது. தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று முகக்கவசம் வேறு. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் கராஜில் உட்கார்ந்து சுரைக்காய் தேய்ப்பதைப் பார்த்து எதிர்வீட்டு அமெரிக்கர் கட்டைவிரலை உயர்த்தினார். மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்லாமல் காரைத் தெருவில் நிறுத்தத் தொடங்கினார்.

முதலில் வந்தது நவராத்திரி. கொலுவுக்கு ராமர் செய்யலாம் என்றாள். நீலம் பூசி, வில்லும் வரைந்தாயிற்று. பார்த்தால், பட்டாபிஷேகப் பந்தியில் மூன்று இலை சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி நிற்கிறார். முருகனுக்கும் அதே கதி. பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போன பிள்ளை என்று யார் நம்புவார்கள்?

பிறகுதான் பிள்ளையார். குடுக்கையின் வளைந்த கழுத்தே தும்பிக்கையாகிவிட்டது. கண்ணும் காதும் வைத்ததோடு சரி. குபேரரும் தகராறு இல்லாமல் வந்தார். கடைச் செட்டியாருக்கு வேட்டியும் விபூதியும்தான் நாங்கள் போட்டோம். மற்றதைச் சுரைக்காய் பார்த்துக்கொண்டது. பக்கத்தில் உட்காரும் ஆச்சிக்கு மட்டும் கொஞ்சம் ஒல்லியான காயாகத் தேடினாள். இனப்பற்று.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா. இவருக்கு மூலம் என்று சொல்லப்படும் புனித நிக்கோலஸ் 4-ஆம் நூற்றாண்டில் மைரா நகரத்து ஆயர். பழைய ஓவியங்களில் ஒடிசலாகத்தான் இருக்கிறார். 1881-இல் தாமஸ் நாஸ்ட் ஒரு வார இதழில் வரைந்த படத்தில் தொந்தி நன்றாகவே தெரிகிறது. 1931 முதல் கோகோ கோலா விளம்பரத்துக்காக ஹாடன் சண்ட்ப்ளோம் வரைந்ததில் அது நிலைபெற்றுவிட்டது. சுரைக்காய்க்காரர்கள் இருவருக்கும் கடன்பட்டவர்கள்.

பெருவில் ஹுவான்காயோ பக்கத்துக் கிராமத்தார் கெட்டிக்காரர்கள். காயை ஆளாக்காமல், ஓட்டின் மேல் உளியால் கீறி ஊர், திருவிழா, ஆடு மாடு எல்லாவற்றையும் பொடிப்பொடியாகச் செதுக்குகிறார்கள். காயைத் திறந்து உள்ளே ஏசு பிறந்த குடிலையே வைத்துவிடுவதும் உண்டு. மரியாள் எவ்வளவு மெலிந்திருந்தாலும் அங்கே சிக்கலில்லை. அதற்குப் பொறுமை வேண்டும். எங்களிடம் இருந்தது பெயின்ட் டப்பா.

ஆகவே, செய்துபார்க்க ஆசைப்படுகிறவர்கள் தொந்தியுள்ள தெய்வமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ராமர்தான் வேண்டும் என்றால் பண்ருட்டிக்கோ காஞ்சிபுரத்துக்கோ போங்கள். அங்கே காகிதக்கூழில் இடுப்போடு செய்து தருகிறார்கள்.