எழுபது டிகிரி மனிதர்

ஜெர்மனியில் இவர் டிசம்பரில்தான் வெளிப்படுவார். மற்ற பதினொரு மாதமும் மனிதர் சமையலறைப் பக்கம் தலைகாட்டுவது பிரிட்ஜிலிருந்து பியர் எடுக்க மட்டுமே. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஒன்றில் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும், மத்தியானமே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பெரிய சட்டியின் முன் நின்றுவிடுவார். குளூவைன், அதாவது மசாலா போட்டுச் சூடாக்கிய வைன், தயாராகிறதாம்.

சாமான் என்று பார்த்தால் பிரமாதமாக ஒன்றுமில்லை. டோர்ன்ஃபெல்டர் சிவப்பு வைன் நாலு பாட்டில், ஆரஞ்சு, சர்க்கரை, கிராம்பு, பட்டை, அன்னாசிப்பூ. ஆனால் ஆரஞ்சு மருந்தடிக்காததாக இருக்க வேண்டும். தோலோடு உள்ளேயிருக்கும் வெள்ளையும் சேர்ந்து வந்தால் கசந்துபோகும் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டு சீவுவார். கிராம்பு எண்ணித்தான் விழும். கை தவறி ஒன்று கூடிவிட்டால், கரண்டியால் துழாவிப் பிடித்து வெளியே போட்ட பிறகே அடுத்த வேலை.

சட்டிக்குள் எந்நேரமும் ஒரு தெர்மாமீட்டர். ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி. ஆகவே முள் 70-ஐத் தொட்டாலே அவருக்குப் படபடப்பு வந்துவிடும். நுரை கட்டியதும் ரசத்தை இறக்கிவிடுகிற நம் பாட்டிகளின் நியாயம்தான். என்ன, பாட்டிகள் அதற்காக யாரையும் அடுப்படியில் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்ததில்லை.

இவர் எடுப்பார். கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் விருந்தாளி பிடிபட்டுவிடுவார். ஒரு கையில் சுருள் சுருளாக மெல்லிய இலங்கைப் பட்டை, மறு கையில் தடித்த காசியாப் பட்டை. பின்னதில் கூமரின் அதிகம், ஈரலுக்கு ஆகாது, 2006-இல் அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனமே எச்சரித்தது என்று ஆரம்பிப்பார். டோர்ட்முண்டில் இப்படி ஒருவரிடம் மாட்டும் யாழ்ப்பாணத்துக்காரரின் பாடு தனி. “உங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே இது நின்றிருக்குமே!” என்பார் வீட்டுக்காரர். கறுவா எனப்படும் அந்தப் பட்டை விளைவது தெற்கே காலி, மாத்தறைப் பக்கம். யாழ்ப்பாணத்துக்காரர் வளவில் நின்றது பனையும் முருங்கையும். முதல் வருடம் விளக்கிப் பார்த்தார். இப்போதெல்லாம், “ஓமோம், ரெண்டு மரம் நிண்டது” என்று ஒப்புக்கொண்டு கோப்பையை நீட்டிவிடுகிறார்.

இத்தனை பாடுபட்டுக் காத்த சூடு, பேச்சு முடிவதற்குள் கோப்பையில் ஆறிப்போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

மேசையில் ஸ்டோலன் ரொட்டியும் ஏழெட்டு வகை பிஸ்கட்டும் இருக்கும். எல்லாம் நவம்பர் கடைசியிலிருந்து இரவெல்லாம் விழித்து மனைவி சுட்டவை. குழந்தைகளுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்குமான சூடான பழச்சாறும் அந்த அம்மாளின் கைவேலைதான். பாராட்டு மட்டும் சட்டிக்காரருக்கு. பிஸ்கட்டை மென்றபடியே, “அபாரமான வைன்!” என்கிறார்கள். அம்மாள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இவருக்கு ஜென்ம விரோதி ஒன்று உண்டு: சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப் பெட்டியில் வரும் குளூவைன். குளூவைன் என்று விற்பதில் ஆல்கஹால் குறைந்தது 7 சதவீதம் இருக்க வேண்டும், தண்ணீர் சேர்க்கக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அவருக்கு மனப்பாடம். சட்டப்படி சரிதான், ஆனால் அது பானமே இல்லை என்பது தீர்ப்பு.

இரண்டாவது சுற்றில் ரோமாபுரிக்குப் போய்விடுவார். அபிசியுஸ் பெயரால் வழங்கும் பழைய சமையல் நூல், தேனும் மிளகும் சேர்த்த வைனில்தான் தொடங்குகிறது. அந்த மிளகு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. விஷயம் சுவையானதுதான், நின்றுகொண்டே கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கஷ்டம். கப்பல் செங்கடலைத் தாண்டும் வேளையில் சட்டி காலி. அம்மாள் சத்தமில்லாமல் அலமாரியைத் திறந்து, ஓர் அட்டைப் பெட்டியின் மூலையைக் கத்தரித்து, முழுவதையும் சட்டியில் கவிழ்த்து, பெட்டியைக் குப்பைக்கூடையின் அடியில் அமுக்கிவிடுவார்.

ரோமாபுரியிலிருந்து திரும்பியவர் ஒரு கரண்டி எடுத்து ஊதி உறிஞ்சுவார். கண்ணை மூடித் திறப்பார்.

“பார்த்தீர்களா, இப்போதுதான் கிராம்பு சரியாக இறங்கியிருக்கிறது!”