மாடி எழுப்பியவர்

பெட்டாலிங் ஜெயாவின் தென்கோடியில், பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் வட்டாரத்தில், ஒரு தள வரிசை வீட்டை இரண்டு குடும்பம் இருக்கிற மாதிரி மாற்றிக் கட்டி, இப்போது விற்கப் பலகை மாட்டியிருப்பவர் ஒரு தனி ரகம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தோட்டத்து லயத்தில் பிறந்து, புறம்போக்குக் கம்பத்தில் வளர்ந்து, இருபதுக்கு அறுபது அடியில் சொந்த வீடு கண்டவர். இரண்டு பையன்களும் கல்யாணத்துக்குப் பிறகு மேலும் கீழுமாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு மாடி எழுப்பினார். மருமகள்களாக வரப்போகிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூத்தவன் இன்று பூச்சோங்கில், இளையவன் செமினியில்.

வீட்டைப் பார்த்தாலே திட்டம் தெரியும். வெளியே இரும்புப் படிக்கட்டு. மின்சார மீட்டர் இரண்டு, தண்ணீர் மீட்டர் ஒன்று. பிரிவினைக்கு அந்த ஒன்றே போதும். முன்னால் கார் நிற்கும் இடம் முழுக்கக் கூரை. பின்னால் சமையலறை வளர்ந்து வளர்ந்து பின்சந்தின் சாக்கடை வரை போய், வேறு வழியில்லாமல் நின்றிருக்கிறது. ஹாலின் பிளாஸ்டர் சிலிங்கில் நீல விளக்கு. அதை எரியவிட்டுக் காட்டாமல் எந்தப் பேச்சும் தொடங்காது.

செலவு ரசீதுகள் அனைத்தும் ஒரு மைலோ டின்னில் இருக்கின்றன. வீடு விற்ற லாபத்துக்கான வரியில் புதுப்பிப்புச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள், சேர்த்துவைத்தார். 2022 முதல் மலேசியக் குடிமக்களுக்கு, வாங்கி ஐந்து ஆண்டு கழிந்துவிட்டால் அந்த வரியே கிடையாது. ஆனாலும் டின் வீண்போகவில்லை. விலையைக் குறைக்கச் சொல்பவர் மடியில் அது திறக்கப்படும். “இந்த டைல்ஸ் அப்பவே சதுர அடி எட்டு வெள்ளி தம்பி, நீங்களே பாருங்க.”

தரகரை அவர் அண்டவிடுவதில்லை. பதிவு பெற்ற வீட்டுத் தரகர் விலையில் 3 விழுக்காடு வரை கேட்கலாம், அதையும் விற்பவர்தான் தரவேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து அவரே தரகர். அந்தத் தொழிலுக்கு வேண்டிய மும்மொழிப் புலமை இந்த வட்டாரத்தில் யாருக்கும் தானாக வந்துவிடும். கீழே முன்னறையின் ஒரே சுவரை அவர் கையாளும் விதத்தில் அது வெளிப்படும். தமிழ்க் குடும்பம் வந்தால் அங்கே சாமி மேடை. வாஸ்து ஐயரே வந்து பார்த்தது. மலாய்க்காரர் வந்தால் அதுவே தொழுகைத் திசை: “பாங், கிப்லாட் சினி, சுடா பெத்துல்.” சீனர் வந்தால் பெங்சுய், அந்தச் சுவரில் பணம் தங்கும். பணம் தங்குகிற வீட்டை ஏன் விற்கிறீர்கள் என்று ஒரு தவுக்கே கேட்டால், பேச்சு தண்ணீர் டாங்கிக்குத் தாவும்.

வெளியூர்க்காரர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. 2001 மார்ச்சில் இந்த வட்டாரத்தில் நடந்த இன மோதலில் ஆறு பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் இந்தியர்கள். “அது அந்தப் பக்கம்” என்பார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் சொல்வார். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீல விளக்கு அணைக்கப்படும்.

தூரமும் காலமும் அவர் கையில் ரப்பர். மிட் வேலி பத்து நிமிடம். எந்த நேரத்துப் பத்து நிமிடம் என்பது சொல்லப்படாது. கம்போங் டத்தோ ஹாருன் ரயில் நிலையம் “இங்கதான்”. நிலம் 99 ஆண்டுக் குத்தகையா, எத்தனை ஆண்டு மிச்சம் என்று கேட்பவரிடம் அவர் கேட்கும் பதில் கேள்வி: “உங்களுக்கு இப்ப என்ன வயசு?”

இந்தக் கோட்டையைத் தகர்ப்பவர் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர். கால் மணி நேரம் சுற்றுவார், அளப்பார், படம் எடுப்பார். நீல விளக்கை நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். மாநகர் மன்றம் ஒப்புதல் தந்த வரைபடத்தில் இல்லாத கட்டுமானத்தை மதிப்பீட்டில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. பின்சமையலறைக்கு அப்படி ஒரு வரைபடம் இருந்ததே இல்லை. விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வங்கி 90 விழுக்காடு வரை கடன் தரும். மிச்சத்தை வாங்குபவர் ரொக்கமாகக் கட்டவேண்டும். ரொக்கம் வைத்திருப்பவர் இந்தப் பேட்டைக்கு ஏன் வருகிறார்?

ஆக, நாலைந்து பேர் வந்து போன பிறகு விலை இறங்குகிறது. முன்பணம் 3 விழுக்காடு, ஒப்பந்தக் கையெழுத்தின்போது 7, பாக்கி மூன்று மாதத்தில். குத்தகை நிலமானால் மாநில அரசின் சம்மதம் வரும்வரை கூடுதல் காத்திருப்பு. அதற்குள் முகப்புக் கதவுக்கு எந்த எண்ணெய் போடவேண்டும் என்று வாங்கியவருக்கு மூன்று முறை பாடம் நடந்திருக்கும். கோயிலிலும் சாப்பாட்டுக் கடையிலும் எவ்வளவுக்குப் போனது என்று விசாரிப்பவர்களிடம் அவர் சொல்வது கிடைத்த விலையை அல்ல, கேட்ட விலையை. அதை நம்பி, மூன்றாவது வீட்டுக்காரர் இரும்புப் படிக்கட்டுக்கு விலை விசாரிக்கிறார்.