பிரிட்ஜ் பிக்கப் மாற்றுபவர்

எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்களில் பிரிட்ஜ் பிக்கப் மாற்றுபவர் தனி இனம். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். சம்பளம் மாதாமாதம் தவறாமல் வரும். முன்பு ஒரு இசைக்குழு இருந்திருக்கும். இவர் கிட்டார் வாசிப்பதும் உண்டு. புதிதாகப் போட்ட பிக்கப் எப்படி இருக்கிறதென்று பார்க்க வேறு வழியில்லை. தம் கிட்டாரின் ஒலியில் என்னவோ குறைகிறது என்பதில் இவருக்குச் சந்தேகமே கிடையாது. அந்தக் குறை விரலில் இல்லை என்பதிலும் கிடையாது.

பிக்கப்பின் அமைப்பு எளியது. தந்திகளுக்கு அடியில் காந்தம். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி சில ஆயிரம் சுற்று. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அதைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெருக்கிக் கொடுக்கிறது. பெரும்பாலான கிட்டார்களில் கழுத்துப் பக்கம் ஒன்றும் பிரிட்ஜ் பக்கம் ஒன்றுமாகப் பிக்கப்புகள் இருக்கும். தந்தி பிரிட்ஜில் தங்கி நிற்பதால் அதன் அருகே அதிர்வின் வீச்சு குறைவு. அடிப்படைச் சுரம் மெலிந்து, மேற்சுரங்கள் தூக்கலாகக் கேட்கும். ஒலி கூர்மையாக இருக்கும், சில கிட்டார்களில் கீச்சிடும். ராக் இசையின் ரிஃப்புகளில் பெரும்பகுதி இந்தப் பிக்கப்பில் பிறந்தவை. வாசிப்பவர் தந்தியை அரைகுறையாக அழுத்தியிருந்தால் அதுவும் இதில்தான் பளிச்சென்று கேட்கும். கழுத்துப் பிக்கப் பெரிய மனசுக்காரர், பிசகைப் பூசி மெழுகிவிடுவார். பிரிட்ஜ் பிக்கப் நடந்ததை நடந்தபடி சொல்லும். வேலை போவது அதற்குத்தான்.

இனத்துக்குள் உட்பிரிவுகள் உண்டு. ஸ்ட்ராட்டோகாஸ்டர்காரருக்குக் கீச்சு தாங்காது. 1954-இல் ஃபெண்டர் வெளியிட்ட அந்தக் கிட்டாரில் மூன்று பிக்கப்புகளும் இரண்டு டோன் குமிழ்களும் இருந்தன. குமிழ் இரண்டும் கழுத்துக்கும் நடுவுக்கும் போய்விட, பிரிட்ஜ் பிக்கப்புக்கு ஒன்றுமில்லை. கூர்மையைக் குறைக்கத் திருகுவதற்கே எதுவும் கிடையாது. டோன் குமிழிலிருந்து ஒரு சாண் வயரை இழுத்துப் பற்றவைத்தால் தீரும் வழக்கு இது. பிரிட்ஜ் பிக்கப் மாற்றுபவருக்கு இந்த விஷயம் நன்றாகவே தெரியும், மற்றவர்களுக்கு எடுத்தும் சொல்வார். தம் கிட்டாரில் மட்டும் செய்யமாட்டார். ஒரு சாண் வயருக்குப் பார்சல் வராது.

கிப்ஸனின் லெஸ் பால் கிட்டார் வைத்திருப்பவரின் ஏக்கம் வேறு மாதிரி. அவருக்குக் குறிப்பிட்ட ஓர் ஆண்டின் ஒலி வேண்டும், அது பெரும்பாலும் 1959. மிச்சிகன் மாநிலம் கலமசூவில் இருந்த கிப்ஸன் ஆலையில் சேத் லவர் என்ற பொறியாளர், ஒற்றைச் சுருள் பிக்கப் மின்சார இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்வதைப் பார்த்து, காந்த முனையும் சுற்றும் எதிரெதிராக அமைந்த இரண்டு சுருள்களை இணைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது, இசை கூடியது. இதுதான் ஹம்பக்கர். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது; 1959-இல் கிடைத்தது. இடைக்காலத்தில் பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று சிறு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். காப்புரிமை கிடைத்த பிறகும் சில ஆண்டுகள் ஒட்டினார்கள். ஆங்கிலத்தில் அந்த வாசகத்தின் முதலெழுத்துகளான பி.ஏ.எஃப். என்பதே இன்று மந்திரம். அதற்கடுத்து வந்த ஸ்டிக்கரில் ஒரு காப்புரிமை எண் இருந்தது, ஆனால் அது பிக்கப்பின் எண்ணே இல்லை. அந்தக் கிட்டாருக்குப் பெயர் தந்த கலைஞர் லெஸ் பால், ஒரு தந்திப்பிடிக்கு வாங்கிய காப்புரிமையின் எண்.

அந்தக் காலத்துச் சுற்று இயந்திரங்கள் குறித்த எண்ணிக்கையில் தாமாக நிற்கவில்லை. போதும் என்று பட்டபோது நிறுத்தினார்கள். ஒரு சுருளில் ஏறத்தாழ 5,000 சுற்று, பக்கத்துச் சுருளில் சற்று முன்பின். காந்தமும் அன்றைக்குக் கையிருப்பில் இருந்த ஆல்நிகோ வகை எதுவோ அது. அதனால் ஒரு பி.ஏ.எஃப். போல இன்னொன்று ஒலிக்காது. இன்றைய தயாரிப்பாளர்கள் கணினியில் இயங்கும் இயந்திரங்களைக் கொண்டு அந்தக் கவனக்குறைவை மிகுந்த கவனத்தோடு நகலெடுக்கிறார்கள். கவனக்குறைவு எவ்வளவு துல்லியமோ விலையும் அவ்வளவு.

பிக்கப்பைத் தனியாக விற்கலாம் என்று முதலில் கண்டவர்களில் ஒருவர் லாரி டிமார்சியோ. 1970களின் தொடக்கத்தில் அவர் கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன், செராமிக் காந்தமும் கூடுதல் சுற்றுகளுமாக ஆம்ப்ளிஃபயரைத் திணறடிக்கவே செய்தது. 1976-இல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் செமோர் டங்கன் கடை திறந்தார். இந்த இனத்தின் உண்மையான குலகுரு கிட்டார் கலைஞர் எடி வான் ஹாலன். கிப்ஸன் 335 ஒன்றிலிருந்து பிக்கப்பைப் பிடுங்கி, வீறிடாமலிருக்க உருகிய மெழுகில் முக்கி, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ மரக்கட்டையில் சற்றே சாய்த்துப் பொருத்தினார். 1978-இல் வந்த அவர் குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்டு உலகம் வாய்பிளந்தது. அவர் வாசித்ததை நகலெடுக்க முடியாதவர்கள் பிக்கப்பின் சாய்வை நகலெடுத்தார்கள். சாய்வு மட்டும் சரியாக வந்தது.

தேர்வுக் காலம் வாரக்கணக்கில் நீளும். ஒவ்வொரு பிக்கப்புக்கும் காந்த வகை, மின்தடை, கம்பியின் தடிமன், ஒலியின் தன்மை என்று ஓர் அட்டவணை உண்டு. பெண் வீட்டார் ஜாதகம் பார்ப்பதுபோல் இவர் அதை இரவு இரவாகப் பார்ப்பார். எட்டாம் இடத்தில் செவ்வாய் மாதிரி இவரை அலைக்கழிப்பது மின்தடை. பழைய பி.ஏ.எஃப். ஏழரையிலிருந்து ஒன்பது கிலோ ஓம் வரை காட்டும், டங்கனின் ஜேபி என்ற பிக்கப் பதினாறைத் தாண்டும். எண் பெரிதானால் பலம் பெரிது என்பது இவர் கணக்கு. மெல்லிய கம்பியைச் சுற்றினாலே தடை ஏறிவிடும் என்பதும், ஒலியைத் தீர்மானிப்பதில் காந்தத்துக்கும் சுருளின் இண்டக்டன்ஸுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதும் அதே அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். சின்ன எழுத்தை இவர் படிப்பதும் உண்டு, பார்சல் வந்த பிறகு.

செலவில்லாத பரிகாரங்கள் பல. பிக்கப்பின் இருபக்கமும் உள்ள திருகை அரைச் சுற்றுத் திருப்பினால் தந்திக்கும் அதற்குமான இடைவெளி மாறும், ஒலியும் மாறும். பல சமயம் புதிய பிக்கப் கொண்டுவரும் மாற்றத்தைவிட அதிகமாகவே மாறும். 500 கிலோ ஓம் வால்யூம் குமிழை எடுத்துவிட்டு 250 போட்டால் கீச்சு அடங்கும். ஆம்ப்ளிஃபயரில் டிரெபிள் என்றே எழுதி ஒரு குமிழ் இருக்கிறது. இவற்றை யாரும் சிபாரிசு செய்வதில்லை, ஏனென்றால் இவற்றில் விற்பதற்கு ஒன்றுமில்லை. ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் இஎம்ஜி வகைக்குப் போய்விட்டவரைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. அவர் மெட்டல் வாசிப்பவர், அவருக்குக் கவலை குறைவு, பேட்டரி தீரும்வரை.

பொருத்தும் நாள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரிக்கப்படும், சால்டரிங் அயர்ன் சூடாகும், வீட்டில் ஒரு வாடை பரவும். முதல் சங்கடம் அளவில் வரும். கிப்ஸன் வழி வந்த ஹம்பக்கரில் முதல் தந்தியிலிருந்து ஆறாம் தந்திவரை காந்த முனைகளின் அகலம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். ஃபெண்டர் பாணிப் பிரிட்ஜுக்கு இன்னும் இரண்டு மூன்று கூட வேண்டும். வாங்கியது தவறான அகலம் என்பது எல்லாத் திருகுகளையும் கழற்றிய பிறகே தெரியவரும். இரண்டாம் சங்கடம் வயர் நிறம். டங்கன் பிக்கப்பில் சிக்னல் வருவது கறுப்பு வயரில், டிமார்சியோவில் சிவப்பில். இரண்டு நிறுவனங்களும் பச்சையை எர்த்துக்குக் கொடுத்திருப்பதால், இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் முதலில் தோன்றும். ஒரு சுருள் மற்றதற்கு எதிராக இணைந்துவிட்டால் கிட்டார் கொசுவாக முனகும். அதைப் புதிய பிக்கப்பின் தனித்தன்மை என்று ஒருநாள் முழுக்க ரசித்தவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாம் சரியாக முடிந்து முதல் மீட்டு மீட்டியதும் பரவசம். இதற்குக் காரணங்கள் உண்டு. பிக்கப்பை மாற்றத் தந்திகளைக் கழற்ற வேண்டும். கழற்றியதோ எட்டு மாதத் துரு, போட்டது புதுத் தந்தி. பிக்கப்பின் உயரமும் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. மூன்றாவதாக, சுற்று கூடியதால் ஒலியளவு ஏறியிருக்கிறது. பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதும் மகளைக் கூப்பிட்டுக் கேட்க வைப்பார்.

“முன்னாடி இருந்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுதா பாரும்மா.”

“தெரியுதுப்பா. சத்தம் ஜாஸ்தியா இருக்கு.”

இதைவிடத் துல்லியமான மதிப்புரை எந்த இசைப் பத்திரிகையிலும் வந்ததில்லை. ஆனால் இவருக்கு அது போதாது. தெளிவு, ஆழம், காற்றோட்டம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பரவசம் தந்தியில் வியர்வை படியும்வரை நிற்கும். அதற்குள் இன்னொரு குறை தலைகாட்டும்: பிரிட்ஜ் பிக்கப் பலமேறிவிட்டதால் கழுத்துப் பிக்கப் சோனியாகத் தெரிகிறது. அதையும் மாற்றினால், இரண்டையும் ஒரே தயாரிப்பாளரின் ஜோடியாகவே வாங்கியிருக்கலாம் என்று புலப்படும். ஜோடி வரும். கழற்றியவை மேசை இழுப்பறைக்குப் போகும். அங்கே ஏற்கெனவே இருப்பவற்றில் எது எந்தக் கிட்டாருடையது என்று மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதி வைத்திருப்பார், எழுத்து அழிந்திருக்கும். கிட்டாரோடு ஆலையிலிருந்து வந்த பிக்கப்புக்கு மட்டும் தனி மரியாதை. அதன் சொந்த டப்பாவில், திருகுகளோடும் ஸ்பிரிங்குகளோடும், பாலித்தீன் உறையில் பத்திரமாக இருக்கும்.

என்றாவது கிட்டாரை விற்க வேண்டி வரும்போது அது வெளியே வரும். மாற்றங்கள் செய்த கிட்டாருக்கு விலை குறைவு என்பதால் இவர் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழையதைத் திரும்பப் பொருத்துவார். பொருத்தி மீட்டிப் பார்க்கும்போது, இது இவ்வளவு நன்றாகவா இருந்தது என்று சிறு நெருடல் தோன்றும்; ஆனால் முன்பணம் வாங்கியாகிவிட்டது. வாங்க வருபவரும் விவரம் தெரிந்தவர்தான். பிரிட்ஜ் பிக்கப் ஒரிஜினலா என்று முதலில் கேட்பார். ஒரிஜினல்தான், கை வைக்கவே இல்லை என்று இவர் சொல்வார். அவருக்குத் திருப்தி. பேரம் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, படியிறங்கும்போதே அதற்குப் பதில் என்ன போடலாம் என்று யோசனை கேட்பார். இவரிடம் இழுப்பறையில் நான்கைந்து இருக்கின்றன.